கடன் வாங்கிச் சேர்க்கும் சீட் வேண்டாம், அம்மா

அம்மா, உங்கள் மகள் வரலாறுதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளுடைய பெரியப்பாவும் தாய்மாமாவும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். இரவெல்லாம் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் ஆறுதல் வார்த்தையால் உங்களுக்குப் பயனில்லை. அந்த சீட்டை வாங்காதீர்கள்.

வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் பணம் புரட்ட வேண்டும் என்கிறீர்கள். நான்கு வருடக் கட்டணம், விடுதிச் செலவு, வட்டி மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பெரியப்பாவிடம் கொடுங்கள். கடனை அடைக்கப்போவது உங்கள் வீட்டுக்காரரின் சம்பளம். முடிவும் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் குறையாகச் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் என்னை நிறுத்தின. இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் மற்ற பிள்ளைகள் சீனியர் நோட்டைப் பார்த்து அளவுகளை எழுத, இவள் தான் அளந்ததையே எழுதி மதிப்பெண்ணை இழந்தாள். தாத்தாவின் பழைய பத்திரங்களை ஆண்டுவாரியாக அடுக்கி, பத்திரத்தில் சொன்ன எல்லையும் நில அளவைப் புலப்படமும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்தாள். அம்மா, இது ஆவணத்தை வாசிக்கத் தெரிந்த கண். நம் பள்ளிகள் ரெக்கார்டை அட்டை போட்டுக் கையெழுத்து வாங்கும் சடங்காக்கிவிட்டதால் அந்தத் திறமை நம் கண்ணில் படுவதில்லை.

எல்லாப் பாடத்துக்கும் ஆவணம் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்களை வைத்து இன்றும் சூரியப் புள்ளிகளின் போக்கை ஆராய்கிறார்கள். கோவையில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனத்தில் உலர்த்தி ஒட்டிய செடி ஒவ்வொன்றும், எங்கே, என்று, யார் பறித்தது என்ற குறிப்போடு இருக்கும். உத்திரமேரூர்க் கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டில் ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதியைச் சொல்கிறது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வணிகமும் அரசியலும் ஒரே பக்கத்தில் வரும். இவற்றைக் காப்பாற்றி, வகைப்படுத்தி, கேட்பவருக்கு எடுத்துக் கொடுப்பது தனித் தொழில். ஆவணக் காப்பாளர் என்பார்கள்.

வழி இது. அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு, பிறகு எம்.ஏ. அதன்பின் டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஓராண்டுப் பட்டயப் படிப்பு. கல்வெட்டு, சுவடி பக்கம் மனம் போனால் மாநிலத் தொல்லியல் துறையின் முதுநிலைப் பட்டயமும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் உண்டு. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டப்படி மத்திய அரசு அலுவலகங்கள் தங்கள் அலுவலர் ஒருவரை ஆவண அலுவலராக நியமிக்க வேண்டும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெங்களூரில் உயிரியல் ஆய்வு மையம் ஒன்றுக்கே சொந்த ஆவணக் காப்பகம். டாடா, கோத்ரெஜ் போன்ற நிறுவனங்களும் தங்கள் பழைய காகிதங்களுக்கென்று காப்பகம் வைத்திருக்கின்றன.

அரசுப் பணியிடங்கள் குறைவு. அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் அவள் கல்லூரிக் காலத்திலேயே மூன்றைக் கற்க வேண்டும்: வட்டெழுத்து, கிரந்தம், தஞ்சை மராட்டியர் ஆவணங்களுக்கான மோடி எழுத்து என இவற்றில் ஏதாவது ஒரு பழைய எழுத்துமுறை; பிழையில்லாமல் எழுதும் ஆங்கிலம்; ஸ்கேன் செய்த ஆவணங்களைக் கணினியில் பட்டியலிடும் முறை. தாய்மாமா கேட்கும் கம்ப்யூட்டர் இந்த மூன்றாவதில் வந்துவிடுகிறது. எம்.ஏ. முடிக்கும்போது மனம் மாறினால் ஆசிரியர் பணிக்கும் போட்டித் தேர்வுக்கும் அதே பட்டம் உதவும். கடன் மட்டும் இருக்காது.

செலவையும் பாருங்கள். அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கலாம். "ஆர்க்கைவ்ஸ் கோர்ஸ், வேலை உறுதி" என்று லட்சங்களில் கேட்கும் தனியார் விளம்பரம் எதற்கும் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

கலைக் கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதியை இன்றே பாருங்கள். முதல் விருப்பமாக வரலாறு போடுங்கள். முன்பணம் கேட்டு மறுபடி ஃபோன் வந்தால், நீங்கள் பேச வேண்டாம். அவளுடைய அப்பாவே பேசட்டும்.