படகின் ஸ்விம் பிளாட்ஃபார்முக்குக் காலுக்கு இதமாக எந்த டெக் விரிப்பு போடலாம்?

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். துபாயில் 30 அடி ஃபைபர் படகு, உள்ளே பெட்ரோல் எஞ்சின், பின்னால் இறங்கிக் குளிக்க ஒரு ஸ்விம் பிளாட்ஃபார்ம். கம்பெனியில் வார்த்துக் கொடுத்த சொரசொரப்பான ஜெல்கோட், அதாவது ஃபைபரின் மேல்பூச்சு, பிள்ளைகளின் முழங்காலைச் சிராய்க்கிறது, வெயில் ஏறிவிட்டால் யாராலும் அதில் கால் வைக்க முடியவில்லை. தேக்கு மாதிரி தெரிகிற பழுப்பு நிற பி.வி.சி டெக் போட்டுவிடலாம் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள், போடலாமா என்பது கேள்வி.

உங்கள் படகுக்கு அது வேண்டாம். வெளிர் சாம்பல் அல்லது மணல் நிறத்தில், 6 மி.மீ கனத்தில், நல்ல ஈ.வி.ஏ ஃபோம் (செருப்பின் அடிப்பாகத்தில் வருகிற மாதிரி மெத்தென்ற பொருள்) போடுங்கள். ஷார்ஜா, அஜ்மான் பக்கத்துப் படகுப் பட்டறைகளில் டெக் வேலை பார்க்கிறவன் நான். எங்களிடம் வருகிற பலர் நிறத்தையும் அழகையும் முதலில் பார்க்கிறார்கள். ஆட்கள் உட்காரும் திறந்த பகுதியான காக்பிட்டுக்கு அது சரி. பின்னால் இருக்கும் அந்தச் சின்னப் பலகைக்கு வேறு கணக்கு போட வேண்டும், ஏனென்றால் அங்கே செருப்போடு யாரும் நிற்பதில்லை. தண்ணீரில் ஊறிப்போன தோலோடு, ஏணியில் ஏறி, முதலில் முழங்காலைத்தான் வைக்கிறார்கள். ஊறிய தோல் சீக்கிரம் சிராயும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம்.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஆகஸ்டில் கடல் நீரே 33, 34 டிகிரி இருக்கும், காற்று 45-ஐத் தொடும். நங்கூரம் போட்டு நிற்கும்போது கூரை நிழல் பெரும்பாலும் காக்பிட்டோடு முடிந்துவிடும், பிளாட்ஃபார்ம் முழு வெயிலில் காயும். ஒரு பரப்பு காலைச் சுடுவதில் இரண்டு சங்கதி இருக்கிறது. அது எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பது ஒன்று, அந்தச் சூட்டை எவ்வளவு வேகமாகக் காலுக்குள் இறக்குகிறது என்பது இன்னொன்று. முதலாவதற்கு நிறம் முக்கியம், இரண்டாவதற்குப் பொருள். பி.வி.சி அடர்த்தியான பொருள். வாங்கிய சூட்டை உள்ளே வைத்துக்கொண்டு, கால் பட்டதும் அப்படியே கொடுக்கும். வாளித் தண்ணீர் ஊற்றினாலும் கொஞ்ச நேரத்தில் பழையபடி காய்ந்து நிற்கும். ஃபோமில் பெரும்பகுதி மூடிய சின்னச் சின்னக் காற்றறைகள். அதனால் சூடு மெதுவாகத்தான் கடக்கும், ஒரு கை தண்ணீர் தெளித்தாலே ஆறிவிடும். அதே ஃபோமைக் கறுப்பிலோ அடர் பழுப்பிலோ போட்டால் மதிய வெயிலில் அதுவும் சுடும். பொருளைச் சரியாக எடுத்துவிட்டு நிறத்தில் கோட்டை விட்டுவிடாதீர்கள். ரொம்ப வெள்ளையும் வேண்டாம். கண் கூசும், சன் ஸ்கிரீன் கறை முழுக்கத் தெரியும்.

கடைக்காரர் சொல்வதையோ நான் சொல்வதையோ அப்படியே நம்ப வேண்டியதில்லை. உள்ளங்கை அளவு மாதிரித் துண்டுகள் எல்லாக் கடைகளிலும் கொடுப்பார்கள். நான்கைந்து வாங்கி, காலை பத்து மணிக்கு மொட்டை மாடியிலோ படகின் பிளாட்ஃபார்மிலோ வரிசையாக வையுங்கள். ஒரு மணிக்குப் போய் ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணுங்கள். எண்ணி முடிக்கும் முன் கையை எடுக்க வைக்கிற துண்டைத் தள்ளிவிடலாம். மிச்சம் இருப்பதை நனைத்து, மேலே ஒரு முழங்காலை ஊன்றி, உடம்பின் எடையை அதில் போட்டு ஒரு நிமிடம் இருங்கள். எழுந்து முழங்காலைப் பாருங்கள். வரி வரியாகப் பதிந்து சிவந்திருந்தால் அந்த டிசைன் ஆகாது. கடையில் கையால் தடவிப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது.

பி.வி.சியைக் கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காக ஒட்டினால் ஃபோமை விடப் பல வருடம் கூடுதலாக உழைக்கும். நாய் நகம், மீன் தூண்டில், கீழே விழும் கத்தி எல்லாம் தாங்கும். ஃப்ளெக்ஸிடீக் போன்ற கம்பெனிகள் எடையும் சூடும் குறைந்த வகைகளையும் கொண்டுவந்திருக்கின்றன. மீன்பிடிக்கவே படகு வைத்திருப்பவர் என்றால் நானே அதைச் சொல்வேன். உங்கள் வீட்டில் பிளாட்ஃபார்மில் நாள் முழுக்க உட்காரப் போவது பிள்ளைகளும் பெரியவர்களும். அவர்களுக்கு மெத்தென்று இருக்க வேண்டும், பி.வி.சி அதைத் தராது.

நிஜத் தேக்கு இன்னும் என் மனசுக்குப் பிடித்ததுதான். நனைந்தால் வழுக்காது, தனக்குள்ளேயே எண்ணெய் இருப்பதால் உப்புத் தண்ணீரில் லேசில் உளுக்காது, எண்ணெய் பூசாமல் வெயிலில் வெளிறிச் சாம்பலாக விட்டுவிட்டால் பழுப்பு பி.வி.சி அளவுக்குச் சுடவும் சுடாது. ஆனால் நல்ல பர்மா தேக்கு சிக்கலாகிவிட்டது. 2021-இல் மியான்மரின் அரசு மரக் கழகத்தின் மேல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்ட பிறகு, எந்த வழியாக வந்த மரம் என்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. விலையும் ஏறிவிட்டது. பலகைக்கு நடுவே அடைக்கும் கறுப்பு ரப்பர் வேறு வெயிலில் சில வருடங்களில் விட்டுப்போகும், எடுத்து மறுபடி அடைக்க வேண்டும். 30 அடிப் படகின் பின்பலகைக்கு இவ்வளவு பாடு அதிகம். கார்க் டெக்கும் நல்ல பொருள். சூடு ஏறாது, ஈரத்தில் பிடிமானம் உண்டு. ஆனால் எண்ணெய்க் கறை சட்டென்று ஊறிவிடும்.

கார்ப்பெட் போடவே போடாதீர்கள். ஈரம் காயாது, உப்பு படிந்து விறைக்கும், நாற்றம் எடுக்கும். மணல் கலந்த ஆன்டி-ஸ்கிட் பெயின்ட் மலிவு, நீடிக்கும், ஆனால் முழங்கால் பிரச்சினை அப்படியே இருக்கும்.

இப்போது ஃபோமுக்குள் எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன். சந்தையில் 3 மி.மீ முதல் கிடைக்கிறது. 3 மி.மீ மெத்தென்றே இருக்காது, படிக்கட்டு விளிம்புக்குத்தான் சரி. 10 மி.மீக்கு மேல் போனால் நிற்க இதமாக இருக்கும், ஆனால் விளிம்பு உயர்ந்து நின்று ஏணியில் ஏறுகிறவரின் கால்விரல் தட்டும், தண்ணீரும் அந்த விளிம்பைத்தான் முதலில் பெயர்க்கும். 5, 6 மி.மீ இரண்டுக்கும் நடுவில் ஒத்துவரும். மேல்பக்கம் இரண்டு விதமாக வரும். அச்சு அழுத்திய மேடுபள்ளம் ஒன்று, கழுவ எளிது. மெஷினில் தேய்த்து வெல்வெட் போல் ஆக்கியது இன்னொன்று, நனைந்த பாதத்துக்கு நல்ல பிடிமானமும் இதமும் தரும், அழுக்கு கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். பிளாட்ஃபார்முக்கு நான் தேய்த்ததைத்தான் போடுவேன். எப்படியும் கடல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கிற இடம், ஒரு மென்மையான பிரஷும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும்.

தேக்குப் பலகை போல் தெரிய இரண்டு நிறத் தகடுகளை ஒன்றாக ஒட்டி, மேல் தகட்டில் கோடு வெட்டித் தருவார்கள். அழகாகத்தான் இருக்கும். அந்தக் கோடு ஆழமாக இருந்தால் மணலும் பாசியும் தங்கும். கோடுகள் தண்ணீர் ஓடும் திசைக்கு ஒத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆன்லைனில் 240 செ.மீக்கு 90 செ.மீ தகடுகள் மலிவாகக் கிடைக்கும், பின்னாலேயே பசை இருக்கும். வாங்கி நாமே வெட்டி ஒட்டிவிடலாம் என்று தோன்றும். இந்த ஊர் வெயிலில் மட்டமான ஃபோம் முதலில் நிறம் வெளுக்கும், அப்புறம் சுருங்கும். சுருங்கியதும் துண்டுகளுக்கு நடுவே ஒட்டிய பசை வெளியே தெரிய ஆரம்பிக்கும், அதில் அழுக்கு ஒட்டிக் கறுத்துவிடும். புற ஊதாக் கதிருக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று எழுத்தில் தருகிற கம்பெனிப் பொருளாக வாங்குங்கள். ஸீடெக், ஹைட்ரோ-டர்ஃப் போன்ற கம்பெனிப் பொருள் என்றாலும் இதைக் கேட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

எந்தப் பொருளும் எத்தனை நாள் நிற்கும் என்பது ஒட்டுகிற நாளிலேயே முடிவாகிவிடும். அதனால் பட்டறையில் நின்று பார்க்க முடிந்தால் பாருங்கள். உங்கள் ஜெல்கோட்டில் வருடக்கணக்காக வாக்ஸ் ஏறியிருக்கும். அதை முழுக்க எடுக்காமல் ஒட்டினால் பசை வாக்ஸின் மேல் ஒட்டுமே தவிர படகில் ஒட்டாது. முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு வாக்ஸ் எடுக்கும் திரவம், கடைசியில் நூல் பிரியாத வெள்ளைத் துணியில் அசிட்டோன். பெயின்ட் அடித்த பரப்பாக இருந்தால் அசிட்டோன் கூடாது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். துணியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது, ஒரே திசையில் துடைத்து, துணியைத் திருப்பி, அடுத்த வரி. துணி அழுக்கில்லாமல் வரும்வரை இதையே செய்ய வேண்டும். அவசரப்படுகிற பட்டறையில் முதலில் விட்டுப்போவது இந்த வேலைதான்.

உங்கள் பிளாட்ஃபார்மில் வைர வடிவச் சொரசொரப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆழமாக இருந்தால் ஃபோம் மேட்டில் மட்டும் ஒட்டி, பள்ளத்தில் தண்ணீர் புகும். மேட்டைத் தேய்த்து, மெல்லிய எப்பாக்சி ஃபில்லர் பூசிச் சமன்செய்த பிறகே ஒட்டச் சொல்லுங்கள். செலவு கூடும், ஆனால் இதைத் தவிர்க்க வழியில்லை.

அளவெடுக்கத் தெளிவான பிளாஸ்டிக் தாளைப் பிளாட்ஃபார்ம் மேல் இழுத்து ஒட்டி, மார்க்கரால் ஓரத்தை வரைவார்கள். இடது பாதியை மட்டும் வரைந்து வலதுக்கு அதையே திருப்பிப் போடுகிற ஆள் கிடைத்தால் தடுத்துவிடுங்கள். ஃபைபர் படகில் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இருப்பது அபூர்வம். விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி நிறுத்த வேண்டும், மூலைகள் எல்லாம் வளைவாக இருக்க வேண்டும். கூர்மூலைதான் முதலில் தூக்கும். தண்ணீர் வடியும் ஓட்டைகளை எந்தக் காரணத்துக்காகவும் மூடக் கூடாது. ஏணி மூடிக்குத் தனித் துண்டு, அதன் இரு பக்கத்துக்கும் தனித் துண்டுகள் என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள். எல்லாரும் கால் ஊன்றுகிற அந்த ஒரு துண்டுதான் முதலில் தேயும். பிரித்துப் போட்டிருந்தால் அதை மட்டும் சூடான காற்றடிக்கும் ஹீட் கன்னில் இளக்கி எடுத்துவிட்டு, அதே அளவுக்கு வேறு ஒட்டலாம். துண்டுகளை வெட்டப் பயன்படுத்திய கணினி ஃபைலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி அளவெடுக்கும் காசு மிச்சம். ஒட்டி முடித்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு ரோலர் அழுத்திப் போக வேண்டும், குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. பிளாட்ஃபார்ம் மெத்தென்று ஆகிவிட்டால் பிள்ளைகள் அங்கேயே கிடப்பார்கள், படுத்துக்கொள்வார்கள். பெட்ரோல் எஞ்சினின் புகை வெளியே வருவதும் அந்தப் பலகைக்குக் கீழேதான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடிக்கொண்டிருக்கும்போது பின்பக்கத்தில் அது தேங்கும். மயங்கித் தண்ணீரில் விழுகிறவரை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஓடும் படகின் பிளாட்ஃபார்மைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் விளையாட்டில் இப்படிச் சாவுகள் நடந்ததால்தான் கலிஃபோர்னியாவில் 2004-இல் அதைத் தடுத்துத் தனிச் சட்டமே போட்டார்கள். படகில் ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடுகிறதென்றால் பின்பலகையில் ஒருவரும் இருக்கக் கூடாது. குளிக்க இறங்குவதற்கு முன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இதை வீட்டில் எல்லாரிடமும், விருந்தாளிகளிடமும் சொல்லி வையுங்கள்.

எப்போது கொடுக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை செய்யத் தடை இருக்கிறது, ஆட்களின் உயிருக்கு அது தேவையும்கூட. அந்தச் சூட்டில் பசையும் தொட்டதும் பிடித்துக்கொள்ளும், கோணலாக வைத்தால் எடுத்துத் திருத்த முடியாது. அக்டோபர் வந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் படகைக் கொண்டுவருவார்கள், பட்டறையில் இடமே இருக்காது. செப்டம்பர் கடைசி வாரத்தில் கூரை நிழல் உள்ள பட்டறையாகப் பார்த்துக் கொடுங்கள், விடிகாலையில் ஒட்டச் சொல்லுங்கள். ஃபில்லர் வேலையும் இருப்பதால் ஒரு வாரம் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள்.