பிரைவேட் போட்டும் பட்டியல் காலியாவது ஏன்?

கேள்வி: ஜாவாவில் பேருந்து முன்பதிவு புராஜெக்ட் செய்கிறேன். 'பயணம்' கிளாஸில் பயணிகள் பட்டியலை, வேறு கிளாஸ் நேராகத் தொட முடியாதபடி பிரைவேட்டாகத்தான் வைத்திருக்கிறேன். கெட்டர் (மதிப்பை எடுத்துத் தரும் மெத்தட்) மூலம் அதை வாங்கும் ரிப்போர்ட் கிளாஸ், வேலை முடிந்ததும் கிளியர் செய்கிறது. உடனே என் பட்டியலும் காலி! எப்படி?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: பிரைவேட் மறைப்பது மாறியின் பெயரை மட்டும்தான்; அது காட்டும் ஆப்ஜெக்டை அல்ல. உங்கள் கெட்டர் தருவது நகல் இல்லை, அதே பட்டியலின் ரெஃபரன்ஸ், அதாவது அதைச் சுட்டிக்காட்டும் முகவரி போன்றது. ஒரே ஆப்ஜெக்டை இப்படிப் பல ரெஃபரன்ஸ்கள் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அலையாசிங்.

மாணவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் என்று நினைக்காதீர்கள். 1997-இல் ஜாவாவுக்குள்ளேயே இது இருந்தது. ஒரு கிளாஸில் யார் யார் கையொப்பமிட்டிருக்கிறார்கள் என்று சொல்லும் கெட்‌சைனர்ஸ் மெத்தட், ஜேடிகே (ஜாவா உருவாக்கத் தொகுப்பு) 1.1.1-இல் உள்ளே வைத்திருந்த அரேயை (வரிசையை) அப்படியே வெளியே கொடுத்தது. இணையத்திலிருந்து வந்த ஆப்லெட் (பிரவுசருக்குள் ஓடும் சிறு ஜாவா புரோகிராம்) அந்த அரேயில் நம்பகமான ஒருவரின் அடையாளத்தை எழுதிவிட்டால் போதும், அவர் கையொப்பமிட்டதாகவே ஜாவா நம்பிவிடும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். தீர்வு என்ன தெரியுமா? அரேயின் நகலைக் கொடுப்பது, அவ்வளவுதான்.

நீங்களும் அதையே செய்யலாம். ஜாவா 10 முதல் லிஸ்ட்.காப்பிஆஃப் இருக்கிறது, அது தரும் பட்டியலை யாரும் மாற்ற முடியாது. ஆனால் நகலெடுக்கப்படுவது பட்டியல் மட்டுமே. உள்ளே இருக்கும் பயணி ஆப்ஜெக்ட்கள் பழையவையே. இருக்கை எண்ணுக்கு செட்டர் (மதிப்பை மாற்றும் மெத்தட்) வைத்திருந்தால் அந்த வழி இன்னும் திறந்தே கிடக்கிறது. அதனால் எதை நகலெடுப்பது என்று யோசிக்கும் முன், இந்தப் பட்டியல் யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் அது பயணத்துக்கே சொந்தம். சேர்ப்பதும் ரத்து செய்வதும் அதன் மெத்தட்கள் வழியாகவே நடக்கட்டும்.

இந்த 'சொந்தம்' என்ற யோசனையைக் கம்பைலரே (புரோகிராமை ஓடுவதற்கு முன் மொழிபெயர்க்கும் மென்பொருள்) சரிபார்க்கலாம் என்று 1998-இல் கிளார்க், பாட்டர், நோபிள் என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டினார்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஓர் உரிமையாளர். அவரைத் தாண்டி வெளியிலிருந்து நேராக உள்ளே ரெஃபரன்ஸ் வரக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. 2015-இல் 1.0 ஆக வெளிவந்த ரஸ்ட் மொழியிலும் ஒரு மதிப்புக்கு ஒரே உரிமையாளர்தான். படிக்க மட்டும் இரவல் வாங்கிய பட்டியலில் கிளியர் எழுதினால் புரோகிராம் கம்பைலே ஆகாது. ஜாவாவில் அந்தக் காவல் இல்லை, நாம்தான் கவனிக்க வேண்டும்.

அப்புறம், ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரையும் பாருங்கள். வெளியிலிருந்து வரும் பட்டியலை அப்படியே ஃபீல்டில் (கிளாஸின் மாறியில்) வைத்திருந்தால், கெட்டரைத் திருத்தியும் பயனில்லை. கொடுத்தவர் கையில் அதே பட்டியல் இருக்கும். அங்கே 'நியூ அரேலிஸ்ட்' போட்டு நகலெடுத்து வையுங்கள்.