வாட்ச்மேன் கையில் ஷாக் டார்ச் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் இரண்டு முறை பைக் திருடு போய்விட்டது. இரவுக் காவலாளிகளுக்கு ஷாக் அடிக்கும் டார்ச் வாங்கித் தரலாம் என்று சங்கக் கூட்டத்தில் சிலர் வற்புறுத்துகிறார்கள். ‘உயிருக்கு ஆபத்தில்லை, வலி மட்டும்தான்’ என்கிறார்கள். வாங்கலாமா? – குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்.

பதில்: வாங்க வேண்டாம். அது வலியை மட்டுமே தருகிறது என்பதுதான் முதல் காரணம்.

வெளிநாட்டுப் போலீஸ் பயன்படுத்தும் டேசர் துப்பாக்கி, கம்பி கட்டிய இரண்டு ஊசிகளை உடலில் இடைவெளி விட்டுப் பாய்ச்சும். நடுவில் உள்ள தசைகள் சுமார் 5 விநாடி விறைத்துப் போகும். ஆள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் விழுவார். ஷாக் டார்ச்சில் இரண்டு முனைகளுக்கு நடுவே சில சென்டிமீட்டர்தான் இடைவெளி. தொட்ட இடம் எரியும். கை கால் இயங்கிக்கொண்டே இருக்கும். பாய்ந்து வருகிறவரை அது நிறுத்தாது. ‘சொன்னபடி கேள்’ என்று வலியால் மிரட்டும், அவ்வளவுதான். குடிபோதையில் இருப்பவர், மனநலம் பாதித்தவர், காது கேளாதவர், தமிழ் தெரியாத தொழிலாளி ஆகியோரிடம் அந்த மிரட்டல் போய்ச் சேராது. வலியில் உதறுவார்கள். உதறுவதை எதிர்ப்பு என்று நினைத்துக் காவலாளி மறுபடியும் அழுத்துவார்.

2011இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்தது இதுதான். மருத்துவமனைக்குத் திரும்ப மறுத்துச் சாலையோரக் கம்பத்தைக் கட்டிக்கொண்ட மனநோயாளி ஒருவருக்கு, போலீஸார் இரண்டே நிமிடத்தில் ஐந்து முறை டேசரை, ஊசி பாய்ச்சாமல், ஷாக் டார்ச் போல உடலில் வைத்து ஷாக் கொடுத்தார்கள். அவர் பிடியை இன்னும் இறுக்கினார். கடைசியில் கையால்தான் பிரித்தார்கள். சற்று நேரத்தில் அவர் இறந்துபோனார். உடனடி ஆபத்து விளைவிக்காத ஒருவர்மீது அப்படிச் செய்தது அத்துமீறிய பலப்பிரயோகம் என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெட்டியில் ‘10 லட்சம் வோல்ட்’ என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். காற்றில் மின்பொறி ஒரு சென்டிமீட்டர் தாண்ட ஏறக்குறைய 30,000 வோல்ட் போதும். முனைகளுக்கு நடுவே 2 செ.மீ. என்றால் 60,000 வோல்ட்டை எட்டும் முன்பே பொறி பறந்துவிடும். உடலுக்கு என்ன ஆகும் என்பதைத் தீர்மானிப்பது மின்னோட்டத்தின் அளவும் அது நீடிக்கும் நேரமும். மலிவுச் சாதனங்களில் அதை யாரும் சோதித்துத் தருவதில்லை. கர்ப்பிணி, பேஸ்மேக்கர் வைத்தவர், மாடிப்படியில் நிற்பவர் என்று இருட்டில் காவலாளிக்கு எப்படித் தெரியும்?

தடுக்கப் பயன்படுத்தும் பலம், தடுத்ததும் முடிந்துவிடும். வலிக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. தழும்பும் பெரிதாக இருக்காது. போலீஸ் டேசர் ஒவ்வொரு அழுத்தலையும் நேரத்தோடு பதிவு செய்யும். இந்த டார்ச்சில் அது கிடையாது. பைக் திருடன் ஓடிவிடுவான். அகப்படுவது சுவரேறிக் குதித்த சிறுவனோ, குப்பை பொறுக்குகிறவரோ, முகவரி தெரியாமல் நிற்கும் டெலிவரி ஊழியரோதான். ‘கூட வந்தவன் யார், சொல்’ என்ற விசாரணையில் டார்ச் வெளியே வரும். எங்களுக்குப் பெரிய பயம் அங்கேதான். தொட்டு ஷாக் கொடுக்கும் கருவிகளை அடியோடு தடைசெய்ய வேண்டும் என்று சித்திரவதை தொடர்பான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஆலிஸ் எட்வர்ட்ஸ் 2023இல் பரிந்துரைத்தார். போலீஸுக்கே ஆகாது என்பதை வாட்ச்மேனிடம் கொடுக்கலாமா?

சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 114ஆம் பிரிவின்படி உடல்வலி உண்டாக்குவதே ‘காயம்’. வேண்டுமென்றே செய்தால் 115(2): ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உண்மையை வரவழைக்கச் செய்தால் 120(1): ஏழாண்டு வரை. தற்காப்பு உரிமை உண்டுதான். ஆனால் தேவைக்கு மேல் போகக் கூடாது என்கிறது 37ஆம் பிரிவு. பிடித்து வைத்தவருக்கு ஷாக் கொடுத்துவிட்டுத் தற்காப்பு என்று சொல்ல முடியாது.

அடுத்த கூட்டத்தில் பெப்பர் ஸ்பிரே பேச்சு வரும். அதில் கண் தானாக மூடிக்கொள்வதால் தடுக்கும் சக்தி கொஞ்சம் உண்டு. காவலாளியே தாக்கப்படும்போது மட்டும், திறந்தவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று அடிக்கலாம். லிஃப்டிலும் தாழ்வாரத்திலும் அடித்தவருக்கே திரும்பும். பட்டவரைக் காற்றோட்டத்தில் உட்கார வைத்து, கண்ணைத் தேய்க்க விடாமல், 15 நிமிடம் தண்ணீரால் கழுவ வேண்டும். ஆல்கஹால் கலந்த ஸ்பிரேயும் ஷாக் பொறியும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுக்கவே கூடாது.

அந்தப் பணத்தில் பைக் நிறுத்தத்தில் ஆள் வந்தால் எரியும் விளக்கு, வண்டி எண் தெரியும் உயரத்தில் கேமரா, இரண்டு வாக்கி-டாக்கி, விசில் வாங்குங்கள். இரவில் ஒருவரைத் தனியாக நிறுத்தாதீர்கள். தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கான மத்திய மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கேட்கின்றன. அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

காவலாளி அறையில் இதைத் தமிழிலும் இந்தியிலும் ஒட்டுங்கள்: மூன்றடி தள்ளி நின்று பேசு. விசில் அடி, கூட்டாளியை அழை. 112க்குப் போன் செய். ஓடினால் துரத்தாதே. பிடிபட்டால் அடிக்காதே, கட்டாதே, தாமதிக்காமல் போலீஸிடம் ஒப்படை (தனிநபர் பிடித்தால் அதிகபட்சம் ஆறு மணி நேரம்தான் என்கிறது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு). மனநலம் பாதித்தவர் போலத் தெரிந்தால் அதையும் போனிலேயே சொல். அவரைப் பாதுகாப்பில் எடுப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி போலீஸின் கடமை.

யாராவது ஏற்கெனவே வாங்கிக் கொடுத்திருந்தால் இன்றே திரும்பப் பெற்று, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முகமையுடனான ஒப்பந்தத்தில் ‘சங்கத்தின் எழுத்து அனுமதியின்றி எந்த ஆயுதமும் கொண்டுவரக் கூடாது’ என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.