23 முறை பார்த்த நாடகம்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

நியூயார்க்கில் ஒரே நாடகத்தை 23 முறை பார்த்தேன் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அவற்றில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

*அப்படி என்ன நாடகம் அது? கதை முதல் தடவையிலேயே தெரிந்துவிடுமே, பிறகு எதற்கு மறுபடி மறுபடி? (வாசகர், தஞ்சாவூர்)*

கதை போவதற்கு முன்பே தெரியும் ஐயா. ஷேக்ஸ்பியரின் மக்பெத் கதைதான். நாடகத்தின் பெயர் 'ஸ்லீப் நோ மோர்'. 'பஞ்ச்ட்ரங்க்' என்ற பிரிட்டிஷ் குழுவினருடையது. ஃபீலிக்ஸ் பாரெட்டும் மாக்சின் டாயிலும் இயக்கியது. 2003-ல் லண்டனிலும் 2009-ல் பாஸ்டன் பக்கத்தில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்திலும் நடத்திவிட்டு, 2011 மார்ச்சில் மன்ஹாட்டன் 27-ஆம் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பழைய கிடங்குக் கட்டடங்களை ஒன்றாக்கி 'மெக்கிட்ரிக் ஹோட்டல்' என்று பெயர் வைத்தார்கள். அப்படி ஒரு ஹோட்டல் நிஜத்தில் இருந்ததே இல்லை. உள்ளே ஏறக்குறைய 100 அறைகள்: மருத்துவமனை, மயானம், தையல் கடை, மிட்டாய்க் கடை, பைன் மரங்கள் நிற்கும் ஒரு பெரிய நடனக்கூடம்.

மேடை கிடையாது, நாற்காலி கிடையாது. வாசலில் ஒரு வெள்ளை முகமூடி தருவார்கள். அதைக் கழற்றக் கூடாது, பேசக் கூடாது. மற்றபடி எங்கு வேண்டுமானாலும் போகலாம். யாராவது ஒரு பாத்திரத்தின் பின்னால் மாடிப்படியில் ஓடலாம். ஓடப் பிடிக்கவில்லையென்றால் காலி அறையில் உட்கார்ந்து, மேசை இழுப்பறையைத் திறந்து, உள்ளே இருக்கும் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படிக்கலாம்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மணி நேர வாழ்க்கை உண்டு. எல்லாருடைய வாழ்க்கையும் ஒரே சமயத்தில் வெவ்வேறு மாடிகளில் நடக்கும். அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இப்படி மூன்று சுற்று. ஆகவே ஓர் இரவில் அதிகபட்சம் மூன்று பேரை மட்டுமே ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பின்தொடர முடியும். இருப்பதோ 20 பேர் அளவில். ஒரே தடவையில் பார்த்து முடித்தேன் என்று யாராலும் சொல்ல முடியாது.

2012-ல் முதல் தடவை போனபோது எல்லாரையும் போல நானும் மக்பெத் பின்னால்தான் ஓடினேன். என்னோடு இன்னும் 40 பேர் ஓடினார்கள். அன்று நான் பார்த்ததில் பாதி, முன்னால் ஓடியவர்களின் பின்தலைகள். ஐந்தாவது தடவைதான் ஹோட்டல் வரவேற்பு மேசையில் நிற்கும் போர்ட்டரோடு தங்கினேன். ஷேக்ஸ்பியரின் மூல நாடகத்தில், அரசனைக் கொன்ற இரவில் கோட்டைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டு எழுந்து வருவானே ஒரு வாயிற்காவலன், அவன்தான் இவன். மேலே எங்கோ கொலையும் விருந்தும் நடந்துகொண்டிருக்க, இவன் மேசையைத் துடைக்கிறான், காகிதங்களை அடுக்குகிறான், சூனியக்காரி ஹெகட்டிக்குப் பயந்து நடுங்குகிறான். ஒரு கட்டத்தில் அவனும் நானும் மட்டும்தான் அங்கே இருந்தோம். அந்த நடிகர் யாருமே இல்லாவிட்டாலும் அப்படித்தான் நடித்திருப்பார் என்று எனக்குப் பட்டது. அன்றிலிருந்து நான் அரசர்களை விட்டுவிட்டேன். அப்புறம் போன 18 தடவையும் சின்ன மனிதர்களோடுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தையல்காரரின் பெயர் ஃபுல்டன். நர்ஸ் பெயர் ஷா. மிருகங்களைப் பாடம் செய்து வைப்பவர் பர்காரன். வெறும் பெயர்கள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். 1697-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் ஒரு சூனியக்காரி வழக்கு நடந்தது. பர்காரன் என்ற இடத்தைச் சேர்ந்த, 11 வயதான கிறிஸ்டியன் ஷா என்ற சிறுமி சொன்ன குற்றச்சாட்டில் தொடங்கி, ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அவர்களில் ஒருத்தி மார்கரெட் ஃபுல்டன். இதைப் படித்துவிட்டுப் போன இரவு, அந்தத் தையல் கடைக்குள் காலெடுத்து வைக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. குற்றம் சாட்டிய பெண்ணின் பெயரும் சாட்டப்பட்டவளின் பெயரும் ஒரே கட்டடத்தில் நடமாடிக்கொண்டிருந்திருக்கின்றன. 11 தடவை போயும் எனக்கு அது தெரியாமல் இருந்தது.

*இத்தனை டிக்கெட்டுக்கு எவ்வளவு செலவானது? (வாசகி, சேலம்)*

டிக்கெட் பெரும்பாலும் 100 டாலருக்கு மேல் இருந்தது. 12 வருடத்தில் 23 தடவை, அதாவது சராசரியாக வருடத்துக்கு இரண்டு. அதற்காக உணவகத்தில் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன். என் கணவர் ஒரு தடவை வந்தார், அவருக்குப் பிடிக்கவில்லை. சரி, நீ போய் வா என்று சொல்லிவிட்டார்.

*மகள் ஷாங்காயில் வேலை பார்க்கிறாள். அங்கேயும் இந்த நாடகம் நடக்கிறதாம், கூட்டிப்போகிறேன் என்கிறாள். எனக்கு 62 வயது, முழங்கால் வலி உண்டு, சீன மொழியும் தெரியாது. போகலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)*

தயங்காமல் போங்கள் அம்மா. ஷாங்காயில் 2016 டிசம்பரிலிருந்து நடக்கிறது. சீனப் பழங்கதையான வெள்ளைப் பாம்புக் கதையையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். வசனம் அநேகமாக இல்லை, எல்லாம் உடம்பாலும் நடனத்தாலும் சொல்வதுதான். அதனால் மொழி தடையே இல்லை.

முழங்கால் வலிக்கு ஒரு வழி சொல்கிறேன். யார் பின்னாலும் ஓடாதீர்கள். ஒரு மாடியைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருங்கள். ஒரு மணி நேரத்தில் கதை தானாக உங்களைத் தேடி வரும். யார் யாரோ அந்த வழியாகப் போவார்கள், சண்டை போடுவார்கள், அழுவார்கள். வெளிச்சம் மிகவும் குறைவு, படிகளில் கைப்பிடியை விடாதீர்கள். மூக்குக் கண்ணாடி மேல் முகமூடி போட்டால் ஆவி படியும். மகளிடம் முன்பே சொல்லி வையுங்கள், விசாரித்து வைப்பாள். அப்புறம், உள்ளே போனதும் மகள் கையை விட்டுவிடுங்கள். அவள் ஒரு பக்கம் போகட்டும், நீங்கள் ஒரு பக்கம். இரவு வீட்டுக்கு வந்து, நீ என்ன பார்த்தாய், நான் என்ன பார்த்தேன் என்று பேச உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

*2019-ல் நியூயார்க் போனபோது நானும் பார்த்தேன். பலமுறை பார்த்த ரசிகர்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றார்கள். நடிகர் யாராவது கைநீட்டினால் உடனே தங்கள் கையைக் கொடுத்துவிடுகிறார்கள். உங்களைப் போன்றவர்கள்தானே இது? (வாசகர், பெங்களூரு)*

உங்கள் கோபம் நியாயமானது. எங்களில் அப்படிப்பட்டவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பார்க்காதவர்களுக்காக: சில இடங்களில் நடிகர் ஒரே ஒரு பார்வையாளரின் கையைப் பிடித்துத் தனி அறைக்குள் கூட்டிப்போய், கதவைத் தாழிட்டு, முகமூடியைக் கழற்றி, காதோடு ஏதோ சொல்வார். சில நிமிடம்தான். 23 தடவையில் எனக்கு அது நான்கு முறை நடந்தது. நான்கும் நான் தேடிப்போகாதபோது வந்தவை. அதைச் சேகரிக்க வேண்டிய பொருளாக நினைத்து, இன்னும் எத்தனை பாக்கி என்று கணக்கு வைத்துக்கொண்டு வருபவர்கள், முதன்முதலாக வந்து வாய்பிளந்து நிற்கும் ஒருவரிடமிருந்து அதைப் பறிக்கிறார்கள். நான் அந்த அறைக் கதவுகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்த நாளிலிருந்து, அந்த நேரத்தில் இரண்டடி பின்னால் நிற்பேன்.

முகமூடி சிலருக்குத் தவறான துணிச்சலையும் தருகிறது. பார்வையாளர்கள் தகாத முறையில் தொட்டதாக அங்கே நடித்தவர்கள் 2018-ல் வெளிப்படையாகச் சொன்னார்கள். அதைப் படித்த வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்களில் எவரையோ நானும் இருட்டில் ஒரு மணி நேரம் பின்தொடர்ந்திருக்கிறேன். இடைவெளி விட்டுத்தான் நடந்தேனா என்று ஒவ்வொரு இரவாக நினைத்துப் பார்த்தேன்.

*இப்போது நியூயார்க்கில் அது நின்றுவிட்டதாமே. இனி என்ன செய்வீர்கள்? நம் கூத்தில் இல்லாததா இதில் இருக்கிறது? (வாசகர், விழுப்புரம்)*

ஆமாம், முடிகிறது முடிகிறது என்று சொல்லிப் பலமுறை தள்ளிப்போட்டு, 2025 ஜனவரி 5-ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள். நான் கடைசியாகப் போனது அதற்கு முந்தைய இலையுதிர் காலம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: இல்லை. நான் செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசுக்காக உயர்ந்த மரத்தில் ஏறும்போது குழந்தை வரம் கேட்டுப் பெண்கள் அடியில் காத்திருப்பார்கள். மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழம் அவர்கள் மடியில் விழும். துரியோதனன் சாகும் படுகளத்தன்று, மண்ணால் செய்து மல்லாத்திப் போட்ட அந்தப் பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றி பீமன் ஓட, ஊரே கூட ஓடும். அன்று நாங்கள் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. தாத்தா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். அடுத்த வருடமும் அதே பாரதம், அதே கர்ண மோட்சம். போன வருடம்தானே பார்த்தாய் என்று ஊரில் ஒருவர்கூடத் தாத்தாவைக் கேட்டதில்லை.

வைகாசியில் ஊருக்கு வருகிறேன். கர்ண மோட்சம் வைத்திருக்கிறார்கள். கர்ணனை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை ஒப்பனைக் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து, விடியும்வரை தேரோட்டி சல்லியனை மட்டும் பார்க்கப்போகிறேன்.