கழிவுநீர் வரத்து நின்ற பிறகும் ஆழமற்ற ஏரியில் பாஸ்பரஸ் ஏன் ஏறுகிறது?

ஏரிக்கு வந்த கழிவுநீரை நிறுத்தியும் கோடையில் நீரில் பாஸ்பரஸ் ஏறுவது ஏன் என்றும், அடிமட்டம்வரை ஆக்ஸிஜன் இருக்கும்போது அது சேற்றிலிருந்து எப்படி வெளியேற முடியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு விடை எளிது: பல ஆண்டுகளாக வந்து படிந்தது சேற்றிலேயே தங்கியிருக்கிறது. இரண்டாவது கேள்விக்குத்தான் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

பாடநூல்கள் தரும் விளக்கம் ஏரி ஆய்வாளர்களான ஐன்சலே 1936-இலும் மார்ட்டிமர் 1941–42-இலும் எழுதியவற்றிலிருந்து வருவது. ஆக்ஸிஜன் உள்ள சேற்றில் இரும்பு துரு நிற ஹைட்ராக்சைடாக இருந்து பாஸ்பேட்டை (பாஸ்பரஸ் நீரில் கரைந்திருக்கும் வடிவம்) தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. ஆக்ஸிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிரிகளின் செயலால் அந்த இரும்பு கரையும் வடிவத்துக்கு மாற, பாஸ்பேட்டும் அதனுடன் நீரில் கலக்கிறது. கோடை முழுவதும் மேல்நீரும் அடிநீரும் கலக்காமல் பிரிந்து நிற்கும் ஆழமான ஏரிகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். காற்று அடிக்கடி அடிவரை கலக்கிவிடும் ஆழமற்ற ஏரிக்கு இது பாதி விளக்கம் மட்டுமே என்பது என் கருத்து.

அத்தகைய ஏரி ஒன்றில் ஒளி ஊடுருவும் குழாயை இறக்கி, சேற்றை அடுக்கு கலையாமல் நாங்கள் எடுத்தபோது, மேலே சில மில்லிமீட்டர் தடிமனில் பழுப்புநிறப் படலமும், அதற்குக் கீழே முழுவதும் கறுப்புச் சேறும் தெரிந்தன. குழாயின் வாயை மூடி வெதுவெதுப்பான அறையில் வைத்திருந்தோம். சில நாள்களில் பழுப்பு மங்கி, கறுப்பு மேற்பரப்பையே எட்டியது. மேலே நின்ற நீரில் பாஸ்பேட்டும் ஏறியிருந்தது. ஆக்ஸிஜன் சேற்றுக்குள் அந்த மெல்லிய படலத்தின் அளவுக்குத்தான் நுழைகிறது. ஆகவே சேற்றுக்கு ஒரு மீட்டர் மேலே நீரில் எடுத்த ஆக்ஸிஜன் அளவு சேற்றின் நிலையைச் சொல்லாது. கோடையில் வெப்பம் ஏற நுண்ணுயிரிகள் வேகமாக இயங்கி, கரிமப் பொருளைச் சிதைத்து அதிலுள்ள பாஸ்பேட்டை விடுவிப்பதோடு, ஆக்ஸிஜனையும் விரைவாகத் தீர்த்து, அந்தப் படலத்தை இன்னும் மெல்லியதாக்குகின்றன. காற்றில்லாத இரவு ஒன்று வந்தால் விடியலுக்குள் அது முற்றிலும் மறைந்தும் போகலாம். காலை பதினொரு மணிக்குக் கருவியோடு போகிறவருக்கு அது தெரியவராது. (நானும் பல நாள் பதினொரு மணிக்குத்தான் போயிருக்கிறேன்.)

ஆக்ஸிஜன் மிகுதியாக இருக்கும்போதே பாஸ்பேட் வெளியேறும் வழியும் ஒன்று உண்டு. பாசி அடர்ந்த ஏரியில் ஒளிச்சேர்க்கை கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் நீரின் காரத்தன்மை ஏறி, அதைக் காட்டும் பி.எச். அளவு 9-ஐத் தாண்டி 10 வரைகூடப் போகும். அப்போது இரும்பின்மேல் பாஸ்பேட் இருந்த இடங்களை ஹைட்ராக்சைடு அயனிகள் பிடித்துக்கொள்ள, பாஸ்பேட் நீருக்கு வந்துவிடுகிறது. பாசி வளர்ந்ததால் பாஸ்பேட் வெளியேறுகிறது, அந்தப் பாஸ்பேட்டால் பாசி மேலும் வளர்கிறது.

காற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பலத்த காற்று சேற்றைக் கிளப்பும்போது சேற்றுத் துகள்களிடையே தேங்கிய பாஸ்பேட் மிகுந்த நீரும் மேலே கலக்கிறது. ஆனால் மிதக்கும் துகள்கள் பாஸ்பேட்டை விடுமா, உறிஞ்சுமா என்பது நீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் அளவைப் பொறுத்தது. காற்றடித்த மறுநாள் மொத்தப் பாஸ்பரஸ் இரட்டித்தது என்பதை மட்டும் வைத்து ‘வெளியேற்றம்’ என்று எழுதிவிடக் கூடாது. கரைந்த பாஸ்பேட்டைத் தனியே அளக்க வேண்டும். சேற்றைக் கிளறும் கெண்டை வகை மீன்களும், சேற்றில் வளை அமைக்கும் பூச்சிப் புழுக்களும் இந்தக் கலக்கலில் பங்கு கொள்கின்றன.

இரும்பு போதுமான அளவு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டென்மார்க் ஏரிகளில் நடந்த ஆய்வுகளில், மேற்சேற்றில் இரும்பின் எடை பாஸ்பரஸின் எடையைப்போல் 15 மடங்குக்கு மேல் இருந்தபோது, ஆக்ஸிஜன் உள்ள நிலையில் வெளியேற்றம் குறைவாக இருந்தது. நீரில் சல்பேட் மிகுந்தால் அதிலிருந்து உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு இரும்பைக் கறுப்பு இரும்பு சல்பைடாகக் கட்டிவிடுவதால், இரும்பு இருந்தும் பாஸ்பேட்டைப் பிடிக்க உதவாது.

அதே நாட்டின் சோபிகார்ட் ஏரி சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே உடையது. 1982-இல் அதற்கு வந்த பாஸ்பரஸ் பெருமளவு குறைக்கப்பட்ட பிறகும் பத்தாண்டுகளுக்கு மேலாக அதன் சேறு பாஸ்பரஸை விட்டுக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 20 செ.மீ. ஆழத்துச் சேறுவரை அதில் பங்கு இருந்தது. வரத்தைக் குறைத்த பல ஏரிகள் புதிய சமநிலையை அடைய 10 முதல் 15 ஆண்டுகள் எடுத்திருக்கின்றன.

காத்திருக்காமல் அலுமினிய உப்பைத் தூவலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அலுமினியம் பிடித்த பாஸ்பேட்டை ஆக்ஸிஜன் குறைவு விடுவிக்காது என்பது உண்மையே, ஆனால் பி.எச். 9-க்கு மேல் போனால் அந்தப் பிடியும் தளரும். ஆகவே பாசி உச்சத்தில் இருக்கும் நடுக்கோடையில் தூவுவதைவிட, பி.எச். தாழ்ந்திருக்கும் பருவத்தில் தூவுவதே பொருத்தமாக இருக்கும்.