கேள்வி–பதில்: மிருகக்காட்சிசாலைக்குப் பிள்ளைகளோடு

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மலேசியத் தேசிய மிருகக்காட்சிசாலைக்கு (ஜூ நெகாரா) கூட்டிப் போனோம். பாதி விலங்குகள் தூங்கின. நான்கு வயதுச் சின்னவன் அழுதேவிட்டான். எப்போது போனால் நன்றாகப் பார்க்கலாம்?
– வாசகி, செந்தூல்

காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போதே வாசலில் இருங்கள், முடிந்தால் வார நாளில். வெயில் ஏறிவிட்டால் புலியும் கரடியும் நிழல் பார்த்துப் படுத்துவிடும். பிற்பகலில் மழையும் பிடித்துக்கொள்ளும்.

110 ஏக்கரையும் ஒரே நாளில் சுற்றிவிட நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. சின்னப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரமே அதிகம். கால் ஓயுமுன் நம் காட்டு விலங்குகள் மூன்றை மட்டும் பாருங்கள்: மலாயாப் புலி, சூரியக் கரடி, தெனுக் (கறுப்பு வெள்ளை உடல் கொண்ட தாப்பிர்). ஒட்டகச்சிவிங்கி அடுத்த முறைக்கு இருக்கட்டும். மலாயாப் புலி தீபகற்பக் காடுகளில் 150க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. அதைப் பிள்ளை முதலில் பார்ப்பதுதான் நியாயம்.

ஒவ்வொன்றின் முன்பும் 10 நிமிடம் நின்று, பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். கரடி என்றால், 'நகம் எப்படி வளைந்திருக்கிறது? எதைக் கிளறுகிறது?' அதன் நாக்கு 20 செ.மீ.க்கு மேல் நீளும். மரப்பொந்துத் தேனையும் கரையானையும் துழாவி எடுக்கத்தான் அந்த நீளம். பராமரிப்பாளர்கள் கட்டையில் துளையிட்டு, உள்ளே தேன் தடவி வைத்தால் கரடி நகமும் நாக்கும் போட்டுத் துருவும். அந்த வேலை இல்லாத கரடி, சலித்துப்போய் ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கத் தொடங்கும். பசி நேரத்திலும் அப்படி நடப்பதுண்டு. அதனால் ஒரு முறை பார்த்ததும் சலிப்புதான் என்று முடிவு கட்டாதீர்கள்.

தெனுக் எந்நேரமும் தண்ணீரிலேயே கிடக்கிறதே, நோயா?
– வாசகர், அம்பாங்

நோயில்லை, குளம் இல்லாவிட்டால்தான் நோய். தெனுக் பெரும்பாலும் தண்ணீரில்தான் சாணம் போடும். அதற்கு வழியில்லாமல் அடக்கிக்கொண்டால் மலம் இறுகி, ஆசனவாய் பிதுங்கிவிடும் அபாயம் உண்டு. நிழலும் அவ்வளவு முக்கியம். அது அடர்காட்டு விலங்கு. வெட்டவெளியில் வளர்த்தால் கருவிழி வெண்மையாக மங்குவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள், கடும் வெளிச்சமே காரணம் என்று சந்தேகிக்கிறார்கள். சிமெண்டுத் தரையும் ஆகாது, பாதம் புண்ணாகிவிடும்.

கரையேறும்போது சேற்றுத் தடத்தைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்: முன்காலில் 4 விரல், பின்காலில் 3. உடலெல்லாம் வெள்ளைக் கோடும் புள்ளியுமாகக் குட்டி இருந்தால், வேறு விலங்கோ என்று குழம்ப வேண்டாம். சில மாதங்களில் அவை மறைந்து, தாயைப் போலவே கறுப்பு வெள்ளையாகிவிடும்.

ஏரிக்கரை மரங்களில் நாரைகள் கூண்டில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. தப்பித்தவையா?
– பத்து வயது வாசகி, பட்டர்வொர்த்

இல்லை கண்ணு, அவை திறந்தவெளியில் வாழ விடப்பட்டவை. உடல் வெள்ளை, இறக்கை ஓரம் கறுப்பு, மூக்கு மஞ்சள், முகம் சிவப்பு என்றால் பால்நிற நாரை. நம் சதுப்புநிலக் கரைகளில் மிக அரிதாகிவிட்ட பறவை அது. இங்கே குஞ்சு பொரிக்கவைத்து, கோலசிலாங்கூரில் பறக்கவிட்டிருக்கிறார்கள். மார்பில் கறுப்புப் பட்டையும் வால்பக்கம் இளஞ்சிவப்பும் தெரிந்தால் அது மஞ்சள்மூக்கு நாரை (Painted Stork) என்ற வேறு இனம். இரண்டும் கலந்தால் கலப்பினக் குஞ்சு பிறக்கும். அதைக் காட்டில் விட்டால் அசல் இனம் கெட்டுவிடும். அடுத்த முறை பைனாக்குலர் எடுத்துப் போய், மார்புப் பட்டை மங்கலாகத் தெரியும் பறவை இருக்கிறதா என்று தேடிப் பார், அது கலப்பினமாக இருக்கலாம்.