கீழே விழுந்த டார்ச் லைட்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பதினாலு வருடமாக எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் வேலை. கடந்த சில வருடங்களாக என் மேசைக்கு அதிகம் வருவது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிகிற சின்ன எல்இடி டார்ச்தான். அதுவும் கீழே விழுந்த டார்ச். அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். எமர்ஜென்சி லைட், சோலார் லைட் எல்லாம் என் பாடம் இல்லை.

இரவுக் காவல் வேலை பார்ப்பவர்: மாடிப்படியில் விழுந்தது அண்ணா. மேலே ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நடக்கும்போது விட்டு விட்டு எரிகிறது. எல்இடி போய்விட்டதா?

எல்இடி அவ்வளவு சுலபமாகப் போகாது. பழைய பல்பு மாதிரி உள்ளே சூடாகி எரிகிற கம்பி கிடையாது. உங்கள் லைட்டுக்குள் ஒரு சுத்தியல் இருக்கிறது, அதுதான் குற்றவாளி. பேட்டரியைச் சொல்கிறேன். இந்த லைட்டுகளில் போடுகிற 18650 என்ற உருளை லித்தியம் பேட்டரி ஒன்று 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர். தரையில் பட்டதும் வெளி உடம்பு நின்றுவிடும், பேட்டரி நிற்காது. தலைகீழாக விழுந்தால் முன்னால் இருக்கும் சர்க்யூட் போர்டில் போய் இடிக்கும். பின்பக்கமாக விழுந்தால் ஸ்பிரிங்கையும் அதன் பின்னால் இருக்கும் ஸ்விட்சையும் நசுக்கும்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பின்மூடிக்குள் எட்டிப் பார்த்தால் ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு வளையம் தெரியும், அதில் எதிரெதிராக இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். கூர்மையான குறடின் இரு முனைகளையும் அதில் விட்டு மெல்லத் திருப்புங்கள். முக்கால்வாசிப் பேருக்கு அந்த வளையம் கால் சுற்று தளர்ந்திருக்கும், இறுக்கினால் வேலை முடிந்தது. அப்படியும் சரியாகவில்லை என்றால், போர்டில் உயரமாக நிற்கிற, கம்பி சுற்றிய காயிலின் காலில் ஈயம் விட்டிருக்கும். போர்டிலேயே கனமான சாமான் அதுதான், அதிர்ச்சியில் முதலில் ஆடுவதும் அதுதான். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மலையேற்றம் போகிறவர்: எரிந்துகொண்டிருக்கும்போது விழுந்தது. உடனே தானாக மங்கல் வெளிச்சத்துக்கு மாறிவிட்டது. பழுதா?

இல்லை. விழுந்த அதிர்ச்சியில் பேட்டரி ஒரு கணம் ஸ்பிரிங்கை விட்டு விலகியிருக்கிறது. மின்சாரம் போய்த் திரும்பியதும், வெளிச்சத்தை மாற்ற நீங்கள் ஸ்விட்சை லேசாக அழுத்தியதாக சர்க்யூட் நினைத்துக்கொண்டது. அடிக்கடி இப்படி ஆனால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த லைட்டுகளில் இந்தத் தொல்லை குறைவு.

கல்லூரி மாணவர்: பெட்டியில் "1 மீட்டர் தாங்கும்" என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பக்கத்தில் ஆன்சி எஃப்எல் 1 என்று இருக்கிறதா பாருங்கள். 2009-இல் வந்த அமெரிக்கத் தர அளவு அது. அதன்படி பேட்டரியோடு சேர்த்து, சொன்ன உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் போட்டுப் பார்க்க வேண்டும். விரிசல் விடக்கூடாது, எரியவும் வேண்டும். குறைந்தபட்ச உயரமே ஒரு மீட்டர்தான். அதாவது உங்கள் இடுப்பு உயரம். காதருகே பிடித்து வெளிச்சம் அடிக்கிறபோது நழுவினால் ஒன்றரை மீட்டர், அந்தக் கணக்கு பெட்டியில் இல்லை. அந்தத் தர அளவின் பெயரே இல்லாமல் வெறும் மீட்டர் மட்டும் போட்டிருந்தால், அது அச்சடித்தவர் சொன்னது, அவ்வளவுதான்.

ஒருவர்: நல்ல டார்ச் எது, ஒரு பெயர் சொல்லுங்கள்.

இன்றைய பேச்சு வாங்கிய பிறகு நடப்பதைப் பற்றி.

பைக் மெக்கானிக்: லைட் நன்றாக எரிகிறது. பேட்டரியின் அடியில் மட்டும் சின்னதாக ஒரு பள்ளம். ஓட்டலாமா?

கூடாது. இதை இன்று பத்துத் தடவை சொல்லப் போகிறேன், சலிக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்குள் இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய படலம் சுருட்டி வைத்திருக்கும். பள்ளம் விழுந்த இடத்தில் அந்தப் படலம் கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும். சூடேறும், புகையும், தீயும் பிடிக்கும். அது உடனே நடக்க வேண்டும் என்றும் இல்லை, சார்ஜில் போட்ட ராத்திரியில் நடக்கலாம். பாதுகாப்பு சர்க்யூட் வைத்த பேட்டரி என்றால் அந்த சர்க்யூட் வட்டமாக அடியில்தான் ஒட்டியிருக்கும், உங்கள் பள்ளமும் அங்கேதான். லைட்டை வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் இரு முனையிலும் டேப் ஒட்டி மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பைத் தொட்டி வேண்டாம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்: எங்கள் அப்பாவின் மூன்று கட்டை பித்தளை டார்ச் கிணற்று மேட்டிலிருந்து எத்தனையோ முறை விழுந்திருக்கிறது. இன்றும் இருக்கிறது. இந்தக் கால லைட்டெல்லாம் வெறும் பொம்மை.

ஐயா, இருக்கிறது சரி. எரிகிறதா? பித்தளை உடையாது, நசுங்கும். நசுங்கினால் தட்டி எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெருமை அதற்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை விழுந்த பிறகும் பெட்டிக்கடைக்குப் போய் பல்பு வாங்கி வந்தது யார்? மேக்லைட் மாதிரி கம்பெனியே பின்மூடிக்குள் உதிரி பல்பு வைத்து விற்றது சும்மா இல்லை. நாளாக ஆக டங்ஸ்டன் கம்பி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், எரிகிறபோது அடிபட்டால் இன்னும் மோசம்.

அதே ஆசிரியர்: பல்பு எட்டணாவுக்குக் கிடைத்தது. உங்கள் லைட்டில் போர்டு போனால் தூக்கித்தான் எறிய வேண்டும்.

இது நியாயமான அடி. ஒப்புக்கொள்கிறேன். பசை ஊற்றி மூடிய தலைப்பாகம் உள்ள லைட்டை நானே திறக்க முடியாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

வேறொருவர்: ஆசிரியர் சொல்வதுதான் சரி. கனமாக இருந்தால்தான் உறுதி. பித்தளை, தாமிரத்தில் இப்போதும் சின்ன எல்இடி லைட் வருகிறதே?

வருகிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் கனம் வேறு, உறுதி வேறு. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் அலுமினியம் 2.7, டைட்டானியம் 4.5, பித்தளை 8.5, தாமிரம் 8.9. மூன்று மடங்கு கனமான உடம்பு மூன்று மடங்கு வேகமாக விழுவதில்லை, ஆனால் தரையில் மோதும் சக்தி மூன்று மடங்கு. அந்த அடி முழுக்க விளிம்பில் இறங்கும். தாமிரம் மெத்தென்ற உலோகம், மரை ஒரு இடத்தில் நசுங்கினால் மூடி பிறகு ஏறாது. டைட்டானியம் அடியைத் தாங்கும், சூட்டை அவ்வளவாகக் கடத்தாது. தினசரிப் புழக்கத்துக்கு அலுமினியமே போதும் என்பது என் கட்சி. ஆசிரியர் ஐயா, களிம்பு ஏறினால் புளி போட்டுத் துலக்கிய டார்ச்சோடு நான் போட்டிக்கு வரவில்லை.

ஒருவர்: பிளாஸ்டிக் டார்ச் நல்லதா?

விழுவதற்கு, ஆம். லேசு, வளைந்து கொடுக்கும். சூடேறும் லைட்டுக்கு, இல்லை.

ஒரு தாய்: பையன் போட்டுவிட்டான். முகக் கண்ணாடி விரிசல். டேப் ஒட்டினால் போதுமா?

இன்று ராத்திரிக்குப் போதும் அம்மா. அப்புறம் கண்ணாடியின் விட்டத்தை ஸ்கேலில் அளந்து புதுசு வாங்கிப் போடுங்கள். மாற்றும்போது நடுவில் இருக்கும் மஞ்சள் எல்இடியை விரலால் தொட வேண்டாம், அதன் மேல் இருப்பது ஜெல்லி மாதிரி மென்மையானது. பேட்டரியைக் கழற்றிப் பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீன்பிடிப் படகில் போகிறவர்: தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்று ஐபிஎக்ஸ்8 குறி போட்ட லைட். விழுந்த பிறகும் தண்ணீரில் நம்பலாமா?

விளிம்பு நசுங்கியிருந்தால் நம்பாதீர்கள். பேட்டரியை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். பேப்பர் ஈரமானால் தெரிந்துவிடும். மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்துக்கு, அதாவது ஓ-ரிங்குக்கு, சிலிகான் கிரீஸ் தடவுங்கள், வாசலின் வேண்டாம். சில வகை ரப்பரை அது ஊத வைத்துவிடும்.

ஒருவர்: 2,000 ரூபாய்க்குள் விழுந்தாலும் உடையாத டார்ச்?

கையில் மாட்டுகிற கயிறு. இருபது ரூபாய்.

இன்னொருவர்: என் லைட்டும் விழுந்துவிட்டது. என்ன செய்வது?

எந்தப் பக்கமாக விழுந்தது? பேட்டரியைக் கழற்றிப் பார்த்தீர்களா? காதருகே ஆட்டினால் சத்தம் வருகிறதா? மூன்றுக்கும் பதில் எழுதுங்கள். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.